அபராதத்தை விடுங்கள், அட்டவணையைப் படியுங்கள்: நகரக் கழிவுநீர் வழக்குகள் பற்றி வாசகர் கேள்விகள்

அமெரிக்க நகரங்களில் குடியிருக்கும் வாசகர்கள் சிலர், தங்கள் ஊரின் பாதாளச் சாக்கடை மீது மத்திய அரசு தொடுத்த வழக்கு சமரசத்தில் முடிவது பற்றிக் கேட்டிருக்கிறார்கள். வந்த கேள்விகளில் எல்லோருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில்.

எங்கள் நகரத்தின் மீதான வழக்கு ‘கன்சென்ட் டிக்ரி’யில் முடிந்துவிட்டதாகச் செய்தி. அப்படியானால் நகரம் தப்பித்துவிட்டதா?

இல்லை. ராஜியாகிவிட்டார்கள் என்றால் வாதியும் பிரதிவாதியும் கணக்கை முடித்துக்கொண்டு அவரவர் வழியில் போய்விட்டார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். இது அப்படிப்பட்ட ராஜி அல்ல. அரசும் நகரமும் பேசி எழுதிய ஒப்பந்தத்தை நீதிபதி ஏற்றுக் கையெழுத்திட்டதும், அது நீதிமன்ற ஆணையாகிவிடுகிறது; இதைத்தான் கீழே ‘தீர்ப்பாணை’ என்கிறோம். அதிலுள்ள தேதியைத் தவறவிட்டால் நீதிமன்றத்துக்கே பதில் சொல்ல வேண்டும். பெரிய நகரங்களில் இது பதினைந்து, இருபது ஆண்டு ஓடும். வேலை முடிந்தது என்று நீதிபதி முடித்துவைக்கும்வரை பிடி விலகாது.

விசாரணை வரைக்கும் இந்த வழக்குகள் ஏன் அதிகம் போவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1972-ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டம் ‘தெரிந்து செய்தாயா, தெரியாமல் நடந்ததா’ என்று கேட்பதில்லை. கழிவுநீரை ஆற்றில் விட நகரம் பெற்றிருக்கும் அனுமதிப் பத்திரத்தில் உள்ள அளவைத் தாண்டினால் மீறல்தான். அளவைத் தாண்டியதா என்பதை நகரமே அளந்து, பெரும்பாலும் மாதந்தோறும், பொறுப்பான அதிகாரி கையெழுத்துடன் அறிக்கை அனுப்புகிறது. அந்த அறிக்கைதான் நகரத்துக்கு எதிரான முதல் சாட்சி. ஆகவே ‘மீறவில்லை’ என்று வாதாட அதிகம் இருப்பதில்லை. எதை, எத்தனை ஆண்டுக்குள், எவ்வளவு செலவில் சரிசெய்வது என்பதுதான் உண்மையான தகராறு. அதை இரு தரப்புப் பொறியாளர்களும் மேசையில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு தீர்ப்பதுதான் நல்லது.

அட்லாண்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டஹூச்சி ஆற்றைக் காக்கும் அமைப்பு 1995-இல் வழக்குப் போட்டது. 1998-இல் முதல் தீர்ப்பாணை, 1999-இல் இரண்டாவது. முதலாவதில் விதித்த அபராதம் 25 லட்சம் டாலர். அந்நாளில் பெரிய செய்தி அதுதான். ஆனால் தீர்ப்பாணைகள் கட்டச் சொன்ன வேலைகளின் செலவு இருநூறு கோடி டாலர்களைத் தாண்டும். அவகாசமும் 2012-இல் நீட்டிக்கப்பட்டு 2027 வரை போனது. அபராதத்தை ஒரே நாளில் கட்டிவிடலாம். தீர்ப்பாணையின் பின்னிணைப்பில் இருக்கும் தேதிகள் ஒரு தலைமுறைக்கு நிற்கும்.

மழை பெய்தால் மட்டும் ஏன் கழிவுநீர் ஆற்றுக்குப் போகிறது? குழாய் உடைந்திருக்கிறதா?

பழைய நகரங்களில் குழாய் உடையவே வேண்டாம், கட்டியதே அப்படித்தான். வீட்டுக் கழிவும் தெரு மழைநீரும் ஒரே குழாயில் ஓடும் இந்த அமைப்பு இன்னும் சுமார் 700 ஊர்களில் இருக்கிறது. ஏரிக்குக் கலங்கல் இருக்கிறதல்லவா, அதேபோல இந்தக் குழாய்க்குள்ளும் குறுக்கே ஒரு சிறு தடுப்புச் சுவர் உண்டு. வெயில் நாளில் கழிவுநீர் சுவரின் கீழே திரும்பி, சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் பெருங்குழாயில் விழும். மழையில் மட்டம் உயர்ந்தால் சுவருக்கு மேலே மறுகால் பாய்ந்து நேரே ஆற்றுக்குப் போய்விடும். சுவர் இல்லையென்றால் அந்தத் தண்ணீர் வீடுகளுக்குள் எதிர்த்து ஏறும்.

அளவைப் பாருங்கள். 1,000 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் சுமார் 620 கேலன் தண்ணீர். அந்தக் கூரைக் குழாய் சாக்கடையில் இணைந்திருந்தால், நாலைந்து பேர் உள்ள வீடு நாள் முழுக்க வெளியேற்றுவதைவிட அதிகமாக அந்த ஒரு மழையிலேயே குழாயில் போய்விடும். போர்ட்லாந்து நகரம் பெருங்குழாய்கள் கட்டியதோடு நிற்காமல், வீடு வீடாகப் போய் 56,000-க்கும் மேற்பட்ட கூரைக் குழாய்களைச் சாக்கடையிலிருந்து பிரித்துவிட்டது. காரணம் இந்தக் கணக்குதான்.

இவ்வகை ஊர்களுக்கு 1994-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு கொள்கை வகுத்தது. 2000-இல் அது சட்டத்திலேயே சேர்ந்துவிட்டது. அதன்படி ஒரு நகரம் ஆண்டுக்குச் சராசரியாக நாலு முறைக்கு மேல் மறுகால் பாயாதபடி செய்யலாம். அல்லது மழையின்போது சேரும் கலப்புக் கழிவுநீரில் 85 சதவீதத்தையாவது பிடித்துச் சுத்திகரிக்கலாம். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: மழையே இல்லாத நாளில், ஆற்றில் திறக்கும் அந்தக் குழாயின் வாய் வழியே கழிவுநீர் ஓடினால் அது எந்த நிலையிலும் தடைசெய்யப்பட்டது. பெரும்பாலும் தடுப்புச் சுவரின் கீழ்த் துவாரத்தைக் கந்தலோ கொழுப்புக் கட்டியோ அடைத்திருக்கும். மூன்று நாள் மழையில்லாமல் இருந்து, பிறகும் ஓடுவதைப் பார்த்தால் தேதி, நேரத்துடன் படம் எடுத்து, வாயருகே உள்ள பலகை எண்ணையும் குறித்து அன்றே புகார் செய்யுங்கள்.

மழைநீருக்குத் தனிக் குழாய் உள்ள புதிய நகரங்களில் நிலைமை வேறு. அங்கே கழிவுநீர்க் குழாயிலிருந்து ஓடைக்கோ ஆற்றுக்கோ எது வழிந்தாலும் சட்டமீறல்தான். நாலு முறை, 85 சதவீதம் என்ற சலுகை கிடையாது.

பொதுமக்கள் கருத்துக் கேட்பதாக அறிவிப்பு வந்திருக்கிறது. எழுதினால் யாராவது படிப்பார்களா?

படித்தே ஆக வேண்டும். தீர்ப்பாணையை நீதிமன்றத்தில் தாக்கல் செய்தபின், அரசுக்காக வழக்கை நடத்தும் மத்திய நீதித்துறை அதை மத்திய அரசிதழில் அறிவித்து, குறைந்தது 30 நாள் கருத்துக்காகக் காத்திருக்க வேண்டும். அந்தக் கருத்துகளைப் பரிசீலித்த பிறகுதான் ‘இதை ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று நீதிபதியிடம் கேட்க முடியும். கருத்துகள் காட்டும் குறை பெரிதாக இருந்தால் அரசு தன் சம்மதத்தையே திரும்பப் பெறலாம்.

எப்படி எழுதுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ‘ஆறு நாறுகிறது, நடவடிக்கை எடுங்கள்’ என்று எழுதினால் அதற்கு ஒரு வரியில் பதில் முடிந்துவிடும். தீர்ப்பாணையின் பத்தி எண்ணைச் சொல்லுங்கள். ‘இந்தப் பத்தியில் இன்ன நீரேற்று நிலையத்துக்கு மாற்று மின்சாரம் ஆறாவது ஆண்டில்தான் வருகிறது, கடந்த இரண்டு ஆண்டில் மின்தடையால் அங்கே இத்தனை முறை வழிந்திருக்கிறது, நகரத்தின் சொந்த அறிக்கையே இணைப்பு, இதை இரண்டாவது ஆண்டுக்கு மாற்றுங்கள்’ என்று எழுதுங்கள். அறிவிப்பில் உள்ள வழக்கு எண்ணையும் நீதித்துறைக் கோப்பு எண்ணையும் தலைப்பிலேயே போடுங்கள். நீதிபதி தீர்ப்பாணையைத் திருத்தி எழுத முடியாது. நியாயமானதா, போதுமானதா, சட்டத்துக்கு இசைந்ததா என்று பார்த்து ஏற்கலாம் அல்லது மறுக்கலாம். ஆகவே திருத்தம் வேண்டுமென்றால் அதற்கான காலம் அந்த 30 நாள்தான்.

படிக்கும்போது முதலில் எதைத் தேடுவது? ‘நியாயமான முயற்சி எடுக்கும்’, ‘பரிசீலிக்கும்’ போன்ற சொற்களைத் தேடுங்கள். அவற்றுக்கு அருகில் தேதியோ அளவோ இல்லையென்றால் அந்தப் பத்தியால் பயனில்லை. 2025 மார்ச்சில் சான்பிரான்சிஸ்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம், ‘ஆற்றுநீரின் தரம் கெடக்கூடாது’ என்று பொதுவாக முடிவை மட்டும் சொல்லும் நிபந்தனையை முகமை அனுமதிப் பத்திரத்தில் வைக்க முடியாது, என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அது அனுமதிப் பத்திரம் பற்றிய தீர்ப்பு என்றாலும், அதன்பின் தீர்ப்பாணையில் ஒவ்வொரு வேலையையும் பெயர், அளவு, தேதியோடு எழுதுவது முன்னைவிட முக்கியமாகிவிட்டது.

அபராதம் யாருக்குப் போகிறது? ஆற்றங்கரையில் இருக்கும் எங்களுக்கு ஏதாவது கிடைக்குமா?

மத்திய அரசின் பங்கு கருவூலத்துக்குப் போகும். மாநிலமும் வாதியாக இருந்தால் அதற்கும் பங்கு உண்டு. உங்கள் கைக்கு நேராக எதுவும் வராது. சட்டப்படி ஒரு மீறலுக்கு நாளொன்றுக்கு 10,000 டாலர் என்று தொடங்கிய உச்ச வரம்பு, 1987-இல் 25,000 ஆகி, பிறகு விலைவாசிக்கேற்ப ஏறி இப்போது 60,000-க்கு மேல் நிற்கிறது. சமரசத்தில் அந்த உச்சத்தை யாரும் கேட்பதில்லை. கட்ட வேண்டியதைக் கட்டாமல் தள்ளிப்போட்டதால் நகரம் எவ்வளவு மிச்சம் பிடித்தது என்று ஒரு கணக்கு, மீறலின் கடுமைக்கு ஒரு கணக்கு, இரண்டையும் கூட்டி, கட்டும் சக்தியைப் பார்த்துக் குறைக்கிறார்கள். 2021-இல் ஹூஸ்டன் ஏற்ற தீர்ப்பாணையில் அபராதம் 44 லட்சம் டாலர். பதினைந்து ஆண்டு வேலைகளின் மதிப்பு சுமார் 200 கோடி.

நீங்கள் கவனிக்க வேண்டியது ‘முன்கூட்டி நிர்ணயித்த அபராதம்’ என்ற பகுதி. தேதி தவறினால் முதல் 30 நாளுக்கு இவ்வளவு, அடுத்த 30 நாளுக்கு அதைவிட அதிகம் என்று படிப்படியாக ஏறும். ஒரு நாள் தாமதத்துக்கான தொகை, அந்த வேலையைத் தள்ளிப்போடுவதால் மிச்சமாகும் வட்டியைவிடக் குறைவாக இருந்தால் அது நகரத்தை அவசரப்படுத்தாது. இந்த ஒப்பீட்டை நீங்களே போட்டுப் பார்த்துக் கருத்தாக எழுதலாம்.

கழிவுநீர்க் கட்டணம் ஆண்டுதோறும் ஏறுகிறது. வழக்கே போடாமல் விட்டிருக்கலாமே என்று அண்டைவீட்டார் சொல்கிறார்கள்.

கோபம் புரிகிறது, ஆனால் வழக்கு செலவை உண்டாக்கவில்லை. பல ஆண்டுகள் தள்ளிப்போட்ட செலவை ஒரு தேதிக்குள் கொண்டுவந்தது, அவ்வளவுதான். 1972 சட்டத்தின்போது சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டும் செலவில் 75 சதவீதத்தை மத்திய அரசு மானியமாகக் கொடுத்தது. பிறகு அது 55 ஆகக் குறைந்தது. 1987-க்குப் பின் மானியம் போய்ச் சுழல்நிதிக் கடன் வந்தது. கடன் என்றால் திருப்பிக் கட்ட வேண்டும். அது உங்கள் கட்டண ரசீதில் வருகிறது. மத்திய அரசு இந்தப் பொறுப்பிலிருந்து விலகியது சரியல்ல என்பதே எங்கள் கருத்து.

நகரத்தால் தாங்க முடியுமா என்று பார்க்க 1997 முதல் ஒரு அளவுகோல் இருக்கிறது: ஒரு குடும்பத்தின் கழிவுநீர்ச் செலவு, ஊரின் நடுத்தரக் குடும்ப வருமானத்தில் (பாதிக் குடும்பங்கள் இதற்கு மேலும் பாதி கீழும் சம்பாதிக்கும் தொகை) 2 சதவீதத்தைத் தாண்டினால் பாரம் அதிகம் என்று பொருள். அது அவகாசத்தை நீட்டுவதற்கான காரணமாகும். இந்த அளவுகோலின் குறை, ஊர் முழுவதற்கும் ஒரே நடுக்கோட்டைப் போடுவது. நடுத்தர வருமானம் உயர்ந்த ஊரிலும் ஏழைப் பேட்டைகள் உண்டு. அவர்களுக்கு அது 2 சதவீதமல்ல, பல மடங்கு. 2023-இல் வந்த புதிய வழிகாட்டல் வருமானத்தின் அடித்தட்டையும் பார்க்கச் சொல்கிறது. உங்கள் நகரம் கட்டணச் சலுகைத் திட்டம் வைத்திருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று நகர்மன்றக் கூட்டத்தில் கேளுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒரு பிரிவும் உண்டு. மத்திய அரசு நகராட்சி மீது வழக்குப் போட்டால் மாநிலத்தையும் சேர்க்க வேண்டும். தேவையான வருவாயை நகரம் திரட்ட மாநிலச் சட்டமே தடையாக இருந்தால், அந்த அளவுக்குப் பொறுப்பு மாநிலத்துடையது.

எங்கள் தெருவில் புகை விட்டுச் சோதித்தார்கள், பிறகு குழாய்க்குள் உறை போட்டார்கள். ஆனாலும் மழையில் மேன்ஹோல் மூடி தூக்கிக்கொள்கிறது. என்ன தவறு?

பல தீர்ப்பாணைகள் இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன. அதனால் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

புகைச் சோதனையில் மேன்ஹோல் மேல் ஊதுகருவியை வைத்து, நச்சில்லாத புகையைக் குழாய்க்குள் தள்ளுவார்கள். புகை கூரையில் உள்ள காற்றுக்குழாய் வழியே வந்தால் சரி. கூரை நீர்க்குழாயிலிருந்து வந்தால் அது தவறான இணைப்பு. புல்தரையிலிருந்து எழுந்தால் வீட்டிலிருந்து தெருவுக்குப் போகும் கிளைக்குழாய் உடைந்திருக்கிறது. வீட்டுக்குள் வந்தால் பெரும்பாலும் பயன்படுத்தாத தரைவடிகாலின் வளைவில் தண்ணீர் வற்றியிருக்கும். அதனால்தான் முந்தின நாளே ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்கள். மண் நனைந்திருக்கும்போது செய்தால் புகை மண்ணைத் துளைத்து வராது, ஓட்டை தெரியாது. மழைக்கு மறுநாள் சோதித்துவிட்டு ‘குறை இல்லை’ என்று எழுதிய அறிக்கையை நம்ப வேண்டாம்.

உறை போடுவது இப்படி: குழாயை நீர்ப்பீச்சால் கழுவி, வேரை வெட்டி, கேமரா விட்டுப் பார்த்து, பிசினில் ஊறிய துணிக்குழலை உள்ளே செலுத்தி, வெந்நீரோ நீராவியோ புற ஊதா ஒளியோ கொண்டு இறுகவைப்பார்கள். பிறகு இயந்திர வெட்டியை அனுப்பி ஒவ்வொரு வீட்டு இணைப்பு வாயையும் திறப்பார்கள். ஒன்றைத் திறக்க மறந்தால் அந்த வீட்டில் அன்றே கழிவு எதிர்த்து வரும்.

உங்கள் தெருவில் நடந்திருப்பது அனேகமாக வேறு. தெருக்குழாயை மட்டும் அடைத்தால் நிலத்தடி நீர் போய்விடாது. சுற்றி நின்று மட்டம் ஏறி, அடுத்த ஓட்டை வழியே நுழையும். அந்த ஓட்டை கிளைக்குழாயின் மூட்டிலோ மேன்ஹோல் சுவரிலோ இருக்கும். கிளைக்குழாய் பல ஊர்களில் வீட்டுக்காரரின் சொத்து என்பதால் நகரம் தொடுவதில்லை. ஆகவே மைல் கணக்கில் உறை போட்டும் ஓட்டம் குறையாமல் நிற்கும். கூரைக் குழாய்களும் இணைந்தே இருந்தால் மழை பெய்த சில நிமிடங்களிலேயே மூடி தூக்கும். நிலத்தடி நீர் என்றால் மழை விட்ட பிறகும் மணிக்கணக்கில், நாள்கணக்கில் ஓட்டம் இறங்காது. உங்கள் தெருவில் எது என்று நீங்களே நேரம் பார்த்துச் சொல்லிவிடலாம்.

நகரத்திடம் கேட்க வேண்டிய எண் ஒன்றுதான்: அதிகாலை இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை ஓட்டம் எவ்வளவு? ஊர் தூங்கும் நேரத்தில் குழாயில் ஓடுவதில் பெரும்பகுதி நிலத்தடி நீர்தான். வேலைக்கு முன்னும் பின்னும், ஒரே பருவத்தில் அளந்த இரண்டு எண்கள் வேண்டும். ‘இத்தனை மைல் உறை போட்டோம்’ என்பது செலவுக்கணக்கு மட்டுமே. தீர்ப்பாணையில் மைல் கணக்கோடு ஓட்ட அளவும் கேட்டிருந்தால்தான் உங்கள் தெருவுக்குப் பயன்.

நகரம் இழுத்தடிக்கிறது. நாங்களே வழக்குப் போடலாமா?

போடலாம், தூய நீர்ச் சட்டமே வழி தருகிறது. நகரத்துக்கும் முகமைக்கும் மாநிலத்துக்கும் முறையான அறிவிப்பு அனுப்பி 60 நாள் காத்திருக்க வேண்டும். அரசே ஏற்கனவே நீதிமன்றத்தில் ஊக்கமாக வழக்கு நடத்திக்கொண்டிருந்தால் உங்கள் தனி வழக்கு நிற்காது. ஆனால் மத்திய நீதிமன்றத்தில் நடக்கும் அந்த வழக்கில் தரப்பினராகச் சேர உங்களுக்கு உரிமை உண்டு. முடிந்துபோன பழைய மீறலுக்காக மட்டும் போட முடியாது, மீறல் இன்னும் தொடர்கிறது என்று உண்மையாகவே நம்பிச் சொல்ல வேண்டும். முதல் வேலையாக முகமையின் ‘எக்கோ’ இணையத் தரவுத்தளத்தில் உங்கள் சுத்திகரிப்பு நிலையத்தின் அறிக்கைகளை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

மழைநாளில் எங்கள் பேஸ்மென்டில் சாக்கடை ஏறுகிறது. தீர்ப்பாணையில் இழப்பீடு உண்டா?

பொதுவாக இல்லை. சின்சினாட்டி வட்டாரத் தீர்ப்பாணை ஒரு விதிவிலக்கு: அங்கே பேஸ்மென்டைச் சுத்தம் செய்வதும், இழப்பீடும், தடுப்புக் கருவி பொருத்துவதும் திட்டத்தில் சேர்க்கப்பட்டன. உங்கள் ஊரின் தீர்ப்பாணை இன்னும் கருத்துக் கேட்கும் நிலையில் இருந்தால் அதை முன்மாதிரியாகக் காட்டிக் கேளுங்கள். தண்ணீர் ஏறினால் எதையும் அப்புறப்படுத்தும் முன் நீர் நின்ற மட்டத்தைச் சுவரில் கோடிட்டுப் படம் எடுத்து, உடனே நகரத்துக்குத் தெரிவியுங்கள். இழப்பீடு கேட்க மாநிலச் சட்டம் வைக்கும் கெடு குறுகியதாக இருக்கலாம்.

எதிர்நீர்த் தடுப்பு வால்வு பொருத்துவதானால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். வால்வின் மடல் கொழுப்போ கந்தலோ சிக்கினால் மூடாது. ஆண்டுக்கு இருமுறை மூடியைத் திறந்து கழுவ வேண்டும், ஆகவே அது கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். கூரைக் குழாய் வால்வுக்கு வீட்டுப் பக்கத்தில் இணைந்திருந்தால் அதைக் கட்டாயம் பிரியுங்கள். இல்லாவிட்டால் வால்வு மூடிய நேரத்தில் உங்கள் கூரை மழையே உங்கள் பேஸ்மென்டை நிரப்பும். கடைசியாக, வால்வு மூடியிருக்கும்போது வீட்டுத் தண்ணீருக்கும் வெளியேற வழியில்லை. பெருமழை விடும்வரை துணி துவைக்கும் இயந்திரத்தை ஓட்டாதீர்கள், குளியலைத் தள்ளிப்போடுங்கள்.